பெயர் கரத்தலும் பெயர் நாட்டலும்: காமச்சுவை நூல்களின் அச்சு வரலாற்றில் ஒரு பகுதி

நூலொன்றின் சிறப்புப்பாயிரத்து அமைய வேண்டிய செய்திகள் எட்டு என நன்னூலார் வகுத்தனர். அவ்வெட்டனுள் முதற்கண் நிற்பது ஆக்கியோன் பெயர். நூலின் பெயரும், யாப்பும், பொருளும், பயனும் அதற்குப் பின்னரே வைக்கப்பெற்றன. கற்கப் புகுவோன் நூலுள் நுழையுமுன் அதனை யாத்தவர் யாவர் என அறிந்து கொள்ளல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. இனி, அகத்திணை இலக்கணம் கூறவந்த தொல்காப்பியரோ, அன்பின் ஐந்திணை ஒழுக்கத்தைப் பாடுங்கால் தலைமக்களை இன்னார் எனப் பெயர் சுட்டுதல் கூடாது என விலக்கினார். இவ்விரு விதிகளையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை தெற்றெனப் புலனாகும். காமம் நுவலும் பாட்டில் மறைக்கப்பட வேண்டியது காதலர் பெயரேயன்றிப் பாடினோர் பெயர் அன்று. குறுந்தொகைப் புலவர் சிலரைச் செம்புலப்பெயனீரார் என்றாற்போல அவர்தம் தொடர்களாலேயே குறிக்கின்றோமெனின், அது பெயர் மறைந்து போனமையால் நேர்ந்ததே. அப்புலவர் நாணிப் பெயரை ஒளித்தார் என்பதற்குச் சான்று ஏதும் இல்லை.

அச்சுக்காலம் இந்நிலையைத் தலைகீழாக்கிற்று. கதைமாந்தர்க்குப் பெயரும் ஊரும் தெருவும் தரப்பெற்றன. எழுதினோர் பெயர் கரந்தது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் நன்மை எய்தினோர் யாவர், இழப்பு எய்தினோர் யாவர் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். காமச்சுவை நூல்களின் தகுதியின்மையை அளந்து கூறுதலோ, அவற்றைப் போற்றுதலோ ஈண்டு நம் வேலை அன்று.

அச்சுக்கு முற்பட்ட காலத்தில் இத்தகைய நூல்கள் ஒளிந்து வாழவில்லை என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். விறலிவிடு தூது என்னும் நூல்வகையை எடுத்துக்கொள்வோம். பொருளிழந்த ஒருவன் பரத்தையர்பாற் பட்ட பாட்டை விரித்துரைக்கும் அவ்வகை நூல்களில் இன்ப வருணனைக்குக் குறைவில்லை. ஆயினும் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது பாடிய சுப்பிரதீபக் கவிராயர் தம் பெயரை மறைத்தாரல்லர். அந்நூலின் பெயரிலேயே புரவலன் பெயரும் நிற்கின்றது. புலவர் பாடினார், புரவலர் கேட்டனர், பரிசில் வழங்கினர். கேட்போர் இன்னார் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தமையின் மறைப்புக்குத் தேவை எழவில்லை. உலாவும் மடலும் குறவஞ்சியும் இவ்வாறே அவையில் வாழ்ந்தன. புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில் முருகன் திருக்கோயிலைச் சார்ந்த ஆடன்மகளிர் தலைமுறை தலைமுறையாகக் குறவஞ்சியை ஆடிவந்தனர். அம்மரபின் இறுதிக்கண் நிற்பவராகக் கருதப்பெறும் முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. ஒரு மரபு அழிக்கப்பட்ட பின்னரே அதற்கு விருது வந்து சேர்கின்றது என்பதை வேறோர் இடத்தில் எழுதுதல் தகும்.

இக்கட்டுரை எழுதப்பெறும் வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு காலைப் பயணத் தொலைவில் உள்ளது தஞ்சை. அங்கே மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் (1739–1763) அவையில் விளங்கியவர் முத்துப்பழனி என்னும் புலமைச் செல்வியார். தஞ்சை அரசவையில் நாயக்கர் காலந்தொட்டுத் தெலுங்கு பெரிதும் போற்றப்பெற்றமையின் அவர் தெலுங்கிற் பாடினார்; எனினும் ஆண்டாள் திருப்பாவையைத் தெலுங்கிற் பெயர்த்த அவரைத் தமிழ் நிலத்துப் புலவர் என உரிமை கொண்டாட நமக்கும் இடமுண்டு. அவர் இயற்றிய இராதிகா சாந்துவனம் நான்கு பகுதிகளை உடைய சிருங்கார காவியம். இளா என்னும் இளம்பெண்ணைத் தானே வளர்த்துக் கண்ணனுக்கு மணம் முடித்து வைத்த இராதை, பின்னர்ப் பொறாமையும் துயரும் கொண்டு ஊடுவதும், கண்ணன் அவளைத் தேற்றுவதும் அதன் கதை. பெண்ணின் வேட்கையைப் பெண்ணே முன்னின்று கூறும் முறையில் அஃது அமைந்துள்ளது. சிருங்கார காவியங்களில் ஆண்மகன் மகளிரைத் தேடிச் செல்லுதலே பெருவழக்காக இருக்க, இந்நூலில் இராதையின் விருப்பமே கதையை நடத்துகின்றது.

நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி யாதெனின், முத்துப்பழனியார் தம் பெயரை ஒளிக்காதது மட்டுமன்று, தம் குடிவழியைத் தாய்வழியாகப் பாட்டி தஞ்சைநாயகி முதலியோரை முன்னிறுத்தி நூலுள்ளேயே நாட்டியதும் ஆகும். தந்தைவழிக் குடிச்சிறப்புக் கூறி நூல் தொடங்கும் ஆண்பாற் புலவர் வழக்குக்கு நிகரானதொரு வழக்கைத் தேவதாசியர் குலத்து அம்மையார் தமக்கென ஆக்கிக்கொண்டார். நன்னூலார் வேண்டிய ஆக்கியோன் பெயர் இந்நூலில் அடையாளங்கள் அனைத்தோடும் நின்றது.

பின்னர் அச்சு வந்தது. அதனோடு சட்டமும் வந்தது. 1835-இல் அச்சகக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின் நம் நாட்டார் அச்சகம் நிறுவுதல் எளிதாயிற்று. 1860-இல் இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு, ஆபாச நூலை விற்றல், பரப்புதல், விற்பனைக்காக அச்சிடல் ஆகியவற்றைக் குற்றமாக்கி, மூன்று திங்கள் வரை சிறைத்தண்டனை விதித்தது. அப்பிரிவிலேயே ஒரு விலக்கும் வைக்கப்பெற்றது. கோயிற் சிற்பங்களும் தேர்ச் சிற்பங்களும் குற்றத்திற் சேரா. கல்லிலும் மரத்திலும் செதுக்கியவற்றிற்குக் கிடைத்த அவ்விலக்கு ஏட்டில் எழுதியவற்றிற்குக் கிடைக்கவில்லை. ஆலயத்தை எதிர்க்க அஞ்சிய அரசு புலவரை எதிர்க்க அஞ்சவில்லை என்பதன்றி இதற்கு வேறு விளக்கம் யாம் காணோம். இலக்கியத்தின் பொருட்டும் கலையின் பொருட்டும் வெளியிடப்பெறுவனவற்றிற்கு விலக்கு வர 1969-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1867-இல் மற்றொரு சட்டம் தோன்றிற்று. அச்சிடப்பெறும் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும், வெளியிட்டவர் பெயரும் வெளியிட்ட இடமும் பொறிக்கப்பெறல் வேண்டும் என்றும், படிகளை அரசுக்கு அளித்தல் வேண்டும் என்றும் அது விதித்தது. இச்சட்டம் ஆசிரியர் பெயரை வற்புறுத்தவில்லை என்பது ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது. எழுதியவர் எப்பெயரையும் சூடிக்கொள்ளலாம், பெயரின்றியும் இருக்கலாம். அச்சகத்தார் மட்டும் மறைய இயலாது. எனவே இந்நாட்டில் புனைபெயர் என்பது எழுத்தாளருக்கு அரணாகவும், அச்சகத்தாருக்குச் சுமையாகவும் அமைந்தது. புனைபெயர் பற்றி எழுதுவோர் எழுத்தாளரின் நாணத்தையும் அச்சத்தையுமே பேசுகின்றனர். அச்சுக்கூடத்தின் நிலையை நோக்குவாரிலர்.

இக்காலத்தே இங்கிலாந்திலும் நிலைமை கடுமையாகவே இருந்தது. 1857-ஆம் ஆண்டு ஆபாச வெளியீட்டுச் சட்டமும், 1868-இல் ஹிக்ளின் வழக்கில் கூறப்பெற்ற அளவுகோலும் அங்கு நடைமுறையில் இருந்தன. தீய நூலை எளிதில் மயங்கும் மனமுடையோர் கையில் எய்தினால் அவரைக் கெடுக்கும் தன்மை அதற்கு உண்டா என்பதே அவ்வளவுகோல். சோலாவின் நாவல்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட விசெட்டெல்லி என்னும் முதியவர் 1889-இல் சிறை சென்றார். இத்தகைய சூழலில் ரிச்சர்டு பர்ட்டன், ஆர்பத்னட் என்னும் இருவர் வடமொழிக் காமநூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட முறை ஆராய்தற்குரியது. 1873-இல் அனங்கரங்கத்தை அச்சிடத் தொடங்கிய அவர்கள், தம் பெயரின் முதலெழுத்துக்களைத் தலைகீழாக மாற்றி முகப்பில் இட்டனர். அப்போதும் அச்சகத்தார் அஞ்சி நிறுத்திவிட்டனர். சில படிகளே உருவாயின. அச்சகத்தாரே மெல்லிய கண்ணி என்று மேலே கூறியது அங்கும் பொருந்திற்று.

பத்து ஆண்டுகள் கழித்து, 1883-இல், காமசூத்திரம் வெளிவந்தது. முகப்பேட்டில் வெளியீட்டிடம் காஸ்மோபோலி எனக் குறிக்கப்பெற்றது. உலக நகர் என்று பொருள்படும் அப்பெயருடைய ஊர் எங்கும் இல்லை. வெளியிட்டது இலண்டன், காசி ஆகிய ஈரிடத்துக் காமசாத்திரக் கழகம் என்றும், தனிப்பட்ட சுற்றுக்கு மட்டும் உரியது என்றும் அதில் எழுதப்பெற்றிருந்தது. கழகம் என்பதும் அவ்விருவரே அன்றி வேறன்று. பின்னர் 1885 முதல் வெளிவந்த ஆயிரத்தோர் இரவுகள் மொழிபெயர்ப்புக்குப் பர்ட்டன் ஆயிரம் கையொப்பக்காரரை முன்னரே திரட்டினார். பத்துத் தொகுதிகள், தொகுதிக்கு ஒரு கினி. கடைக்கு நூல் செல்லவில்லை. விளம்பரம் மடல் வழியே நடந்தது. விலையின் உயர்வே காவலாயிற்று. செல்வர் நூலகத்துள் அடைந்து கிடக்கும் நூலைச் சட்டம் தேடிச் செல்லாது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அம்முயற்சியில் அவர் பதினாயிரம் கினி அளவில் ஊதியம் ஈட்டினார் என்பர்.

இங்கே மற்றொரு பெயர் மறைப்பும் நிகழ்ந்தது. காமசூத்திரத்தின் வடமொழி மூலத்தைத் திரட்டி ஒப்புநோக்கி ஆங்கிலத்திற் பெயர்க்கும் பெரும்பணியைச் செய்தவர்கள் கல்வெட்டறிஞர் பகவான்லால் இந்திராஜியும் சிவராம் பரசுராம் பிடேயும் ஆவர். அவர்கள் பெயர் முகப்பேட்டில் இல்லை. பர்ட்டனும் ஆர்பத்னட்டும் தம் பெயரைத் தாமே கரந்தனர். காலம் கனிந்தபோது புகழ் அவர்களைத் தேடி வந்தது. இந்திய அறிஞர் பெயரோ ஆராய்ச்சியாளர் தோண்டியெடுக்கும் வரை மண்ணுள் கிடந்தது. ஒருவர் தாமே அணியும் முகமூடியும், பிறர் அவர்மேல் இடும் மண்ணும் ஒன்றல்ல.

கையொப்பம் திரட்டி நூல் அச்சிடும் முறை நமக்குப் புதியதன்று. உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தபோது கையொப்பக்காரரைத் தேடி அலைந்த வரலாற்றை அவரே விரிவாக எழுதியுள்ளார். சிந்தாமணி மணநூல் எனப் பெயர் பெற்றது. இன்பச்சுவை அதில் மிகுதி. அதனைச் சமயங் கடந்து பலரும் பொருளுதவி அச்சேற்றினர். பெயரை மறைக்க வேண்டிய தேவை எவர்க்கும் எழவில்லை. அதே 1887-இல்தான் இராதிகா சாந்துவனமும் முதலில் அச்சேறியது. சி. பி. பிரௌனுடன் பணியாற்றிய பைடிபாட்டி வேங்கடநரசு அதனைப் பதிப்பித்தார். ஆனால் அப்பதிப்பில் ஆசிரியை தம்மைப் பற்றிக் கூறும் பகுதியும் பாடல்கள் சிலவும் விடுபட்டன. ஒரே ஆண்டில் அச்சேறிய இவ்விரு நூல்களில், துறவியாகிய திருத்தக்கதேவர் பாயிரத்தோடு வந்தார். தாசியாகிய முத்துப்பழனி தம் குடிவழி நீக்கப்பெற்று வந்தார்.

இந்நிலையில்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள் இவ்வரலாற்றுள் புகுகின்றார். மைசூர் நாட்டு நஞ்சன்கூட்டில் 1878-இல் பிறந்து, சென்னையில் இசையரசியாய் விளங்கிய அவ்வம்மையாரும் தேவதாசியர் குலத்தவரே. அச்சுப்படியைப் பெற்றுக் கற்ற அவர், பின்னர்க் கிடைத்த சுவடியோடு ஒப்பிட்டு விடுபாடுகளைக் கண்டார். முழு நூலையும் தாமே பதிப்பிக்கத் துணிந்தார். 1910-இல் சென்னை வாவிள்ள இராமசாமி சாஸ்திரலு நிறுவனத்தின் வாயிலாக அது வெளிவந்தது.

அதற்கு அவர் எழுதிய முன்னுரை பெண்பாற் பதிப்பாசிரியர் வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. தெலுங்கு நாட்டுச் சீர்திருத்தப் பெரியார் கந்துகூரி வீரேசலிங்கம் தம் ஆந்திர கவிகள் சரித்திரத்தில் முத்துப்பழனியாரின் புலமையை ஒருவாறு ஒப்புக்கொண்டு, ஒழுக்கத்தைப் பழித்து, பெண்கள் கேட்கவும் தகாதவற்றைப் பெண்ணொருத்தி பாடினாள் எனக் கடிந்திருந்தார். நாகரத்தினம்மாள் அதற்கு நேரே விடையிறுத்தார். நாணம் என்பது மகளிர்க்கு மட்டும் உரிய குணமோ, ஆடவர்க்கு வேண்டாவோ என வினவினார். இவ்விலக்கியத்தினும் விரிவாகச் சிற்றின்பம் பேசும் ஆண்பாற் புலவர் நூல்களை அப்பெரியாரே பார்வையிட்டு ஏற்றுக்கொண்டதை எடுத்துக்காட்டினார். அவ்விடை ஒருவர் மறைந்து நின்று கூறியதன்று. தம் பெயரையும் ஊரையும் முகப்பில் பொறித்து, தம் குலத்து முன்னோள் ஒருத்தியின் பெயரையும் அருகே நாட்டிக் கூறியது. சென்னையில் 1890-களின் தொடக்கத்திலிருந்து ஆடன்மகளிரைப் புறக்கணிக்கும் இயக்கம் வலுப்பெற்றிருந்தது என்பதனையும் நினைவிற் கொண்டால் அத்துணிவின் அளவு விளங்கும்.

நூல் வெளிவந்ததும் கண்டனம் எழுந்தது. 1911-இல் அரசின் மொழிபெயர்ப்பாளரிடம் கருத்துக் கேட்கப்பெற்றது, ஏற்கத்தகாத பகுதிகள் உள எனத் தீர்ப்பு வந்தது, படிகள் கைப்பற்றப்பெற்றன. பதிப்பாளரும் அறிஞர் பலரும் விண்ணப்பித்தும் பயன் விளைந்திலது. தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாண அமைச்சரவைத் தலைவராக இருந்த 1946–47-ஆம் ஆண்டுக் காலத்தில்தான் அது நீங்கிற்று. 1952-இல் வாவிள்ள நிறுவனம் நூலை மீண்டும் வெளியிட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் நாகரத்தினம்மாள் மறைந்தார்.

பர்ட்டனின் நூலையும் இந்நூலையும் அருகருகே வைத்துக் காண்க. இரண்டும் அதே பேரரசின் ஆட்சிக்கீழ் வெளிவந்தன. பொய்யூர்ப் பெயரோடு, பொய்க்கழகப் பெயரோடு, செல்வர்க்கென வந்தது வழக்கின்றித் தப்பியது. உண்மைப் பெயரோடு, முறையாக அச்சகப் பெயர் பொறித்து, எவரும் வாங்கத்தக்க நூலாக வந்தது பறிமுதல் செய்யப்பெற்றது. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பணிந்தமையே அதனைப் பிடிப்பதற்கு எளிதாக்கிற்று எனக் கூறுதல் மிகையன்று.

புதுக்கோட்டைச் சீமையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி ஒழிப்புக்கு முயன்றபோது, 1927 அளவில், அதனை எதிர்த்த தேவதாசியர் அமைப்பில் முன்னின்றவரும் நாகரத்தினம்மாளே. முத்துலட்சுமி அம்மையாரின் தாயாரும் அக்குலத்தில் தோன்றியவர். சிறுமியர் பொட்டுக்கட்டப் பெறும் கொடுமையை ஒருவர் கண்டார். ஒரு குலத்தின் கலையும் கல்வியும் சொத்துரிமையும் பழிப்பெயரால் அழிவதை மற்றவர் கண்டார். சட்டம் 1947-இல் நிறைவேறியது. அது வேண்டியதே என்பது எம் துணிபு. ஆயினும் அதனால் நாகரத்தினம்மாளின் பதிப்புப் பணி பழமையைக் காக்கும் பணி எனத் தள்ளப்படுமாயின் அது பெரும் பிழை.

இனித் தமிழுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஜிலிக் கடைகளில் மலிவு விலை நூல்கள் மலிந்தன. கொக்கோகப் பதிப்புக்களும் அவற்றோடு விற்றன. பிற்காலத்தே, 1960-களிலிருந்து சில பதிற்றாண்டுகள் வரை, சரோஜாதேவி என்னும் பெயரால் சிறு சிறு காமக்கதைப் புத்தகங்கள் தமிழ்நாடெங்கும் மறைவில் விற்கப்பெற்றன. அப்பெயர் ஓர் எழுத்தாளரைக் குறித்ததன்று. பலரும் புகுந்து வெளியேறிய ஒரு பொதுப்பெயர். அப்பெயர் தாங்கிய எவர்க்கும் அந்நூல்களோடு தொடர்பில்லை. மட்டத்தாளில் அச்சாகி, பேருந்து நிலையக் கடைகளில் பிற இதழ்களுக்கு அடியில் வைத்து, கேட்போர்க்கு மட்டும் எடுத்துக் கொடுக்கப்பெற்றன. விளம்பரம் என்பது வாய்ச்சொல்லே. பெயரே முத்திரையாகி, இன்ன பொருள் உள்ளே இருக்கும் என வாங்குவோனுக்கு உறுதி கூறிற்று. ஆசிரியர் பெயர் சான்றாக நிற்க வேண்டிய இடத்தில் சரக்கின் பெயராக நின்றது.

இங்கே ஒரு முரண் உண்டு. உண்மையான பெண்ணொருத்தி தன் பெயரிட்டுக் காமம் பாடியபோது அது குற்றமாயிற்று. பெண்ணல்லாதார் பெண்பெயரிட்டு எழுதியபோது அப்பெண்பெயரே விற்பனைக்கு உதவிற்று. பிரெஞ்சு நாட்டில் 1954-இல் ஓ என்பவளின் கதை பவுலின் ரேயாழ் என்னும் பெயரில் வந்தபோது, இத்தகையதைப் பெண் எழுதியிருக்க முடியாது எனப் பலர் ஐயுற்றனர். எழுதியவர் ஆன் தெக்லோ என்னும் பெண்மணியே என்பதை அவர் தம் முதுமையில், 1994-இல், ஒப்புக்கொண்டார். தமிழில் அதற்கு மறுதலையாக, பெண்பெயரைக் கண்டவுடன் எழுதியவர் பெண்ணென நம்ப விரும்பினர் வாசகர்.

முற்றும் மறையாது இருபெயர் கொண்டு வாழ்ந்தோரும் உளர். திருவரங்கன் உலா என்னும் வரலாற்றுப் புதினத்தை ஸ்ரீவேணுகோபாலன் என்ற பெயரில் எழுதியவரே, புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் வார இதழ்களில் பரபரப்பும் காமமும் மிக்க கதைகளை எழுதினார். 2013-இல் மறைந்த அவரது இருபெயரும் ஒருவரையே குறிப்பன என்பது வாசகர் அறிந்ததே. அவர்க்குப் புனைபெயர் ஒளிவிடம் அன்று; இருவகை வாசகர்க்கு இரு வாயில்.

தாமே அச்சிட்டுத் தம் பெயரிலேயே வெளியிட்ட துணிவுக்கு மேனாட்டில் பலரும் காட்டுவது டி. எச். லாரன்சை. லேடி சாட்டர்லியின் காதலனை அவர் 1928-இல் பிளாரன்சு நகரில், ஆங்கிலம் அறியாத அச்சுக்கோப்போரைக் கொண்டு, ஆயிரம் படிகள் அச்சிட்டு, கையொப்பமிட்டு, அஞ்சல் வழி விற்றார். அந்நூல் தொடர்பாக உதேசி என்னும் பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் மேல் நடந்த வழக்கில், 1964-இல், இந்திய உச்சநீதிமன்றம் ஹிக்ளின் அளவுகோலையே தழுவித் தண்டனையை உறுதிசெய்தது. எழுதியவர் இறந்து முப்பதாண்டுகளுக்கு மேலாகிய நூலுக்கு இங்கே தண்டம் இறுத்தவர் கடைக்காரர். அவ்வளவுகோலை உச்சநீதிமன்றம் 2014-இல்தான் கைவிட்டது. தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. 292-ஆம் பிரிவின் பொருள் அதன் 294-ஆம் பிரிவில் தொடர்கின்றது. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் இயற்றப்பெற்ற சட்டமோ பருவ இதழ்களை மட்டும் தழுவி, நூல்களைத் தன் வரம்பினின்று நீக்கிவிட்டது.

ஆராய்ச்சி மாணவர்க்கு இதனால் எழும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அரசுக்கு அளிக்கப்பெற்ற படிகளைக் கொண்டு சென்னை மாகாணத்து நூற்பட்டியல்கள் காலாண்டுதோறும் தொகுக்கப்பெற்றன. ஆங்கில அரசு கண்காணிப்புக்கென வகுத்த அப்பட்டியல்களே இன்று நமக்கு நூல் வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். இராதிகா சாந்துவனம் பறிமுதல் ஆயினும், அதன் வெளியீடும் தடையும் மொழிபெயர்ப்பாளர் கருத்தும் அரசு ஆவணங்களிற் பதிந்தமையின் அதன் வரலாற்றை எழுத இயலுகின்றது. சரோஜாதேவி நூல்களுக்கு அத்தகைய பதிவு இல்லை. அவற்றில் அச்சகப் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் காணப்பெறா. காணப்பெறினும் நம்பத்தக்கன அல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் குஜிலி நூல்களையும் துண்டறிக்கைகளையும், பிறர் குப்பை என ஒதுக்கிய காலத்தில், ஒன்றுவிடாமல் திரட்டி வைத்தமையாலேயே மக்கள் பதிப்புக்களின் வரலாறு ஓரளவேனும் எழுதப்பெறுகின்றது. அத்தொகுப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பெற்றது. மறைவில் விற்ற நூல்களுக்கு அத்தகைய தொகுப்பாளர் வாய்த்தல் அரிது. வாங்கியோர் படித்தவுடன் கிழித்தெறிந்தனர், அல்லது பழைய தாளோடு தாளாக எடைக்குப் போட்டனர். எஞ்சிய படிகளின் தாள், எழுத்துரு, தைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு அச்சகங்களை இனங்காணும் முறை சுவடி ஆராய்ச்சியிற் பயின்றோர்க்கு எளிதில் கைவரக்கூடியதே. அம்முறையில் முதற்கண் செய்யத்தக்கது, கைக்கெட்டும் படிகளை ஓரிடத்துத் திரட்டிப் பட்டியலிடுதல்.